ஒற்றையா இரட்டையா

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை முதல் பந்தியோடு முடித்துக்கொள், இந்தக் கடிதம் நீளப் போகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, குறைந்துவிட்டதென்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குண்டன் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது, தையில் கலியாணம். நீ வராவிட்டால் உன் பெயருக்கு ஒரு இலை போட்டுப் படைப்பானாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே ஒரு எழுத்தால் எனக்கு நட்டம் வந்துவிட்டது. ஆங்கிலத்து 'எஸ்'.

போன வருஷம் மூத்தவள் கடைக்கு இணையத்தளம் போட்டாளே, 'பித்தளைக்கு வந்த வாழ்வு' என்று நீகூட நக்கல் அடித்தாய். ஊர்ப் பெயரோடு 'லாம்ப்ஸ்' சேர்த்து டொட் கொம் எடுத்தாள். அன்றைக்கு 'எஸ்' இல்லாத ஒற்றைப் பெயரும் சும்மாதான் கிடந்தது. "அதையும் எடுத்துவிடுவம் அப்பா, எதை அடிச்சாலும் எங்கட கடைக்கே வரும்படி செய்யலாம், வருஷத்துக்கு இன்னும் நாலாயிரம்தான்" என்றாள். "ஒரு கடைக்கு எதுக்கடி ரெண்டு போர்ட்?" என்று கேட்டேன். புறக்கோட்டையில் நாற்பது வருஷம் குந்தியிருந்து படித்த யாவாரப் புத்தி அவ்வளவுதான்.

ஆனியில் மலையகத்துக் கோயில் ஒன்றிலிருந்து செயலாளர் ஃபோன் எடுத்தார். கும்பாபிஷேகம் வருகிறதாம். பன்னிரண்டு குத்துவிளக்கு, நாலடி உயரம், ஐந்து முகம், உச்சியில் அன்னம். விலை பேசி முடித்தோம். உறுதிக் கடிதத்தை மின்னஞ்சலில் போடுகிறேன், நீங்கள் வங்கிக் கணக்கு இலக்கத்தை அனுப்புங்கள், முன்பணம் போடுகிறோம் என்றார். விலாசத்தை வாயால்தான் சொன்னேன். மனிசன் 'எஸ்' இல்லாமல் எழுதிவிட்டார்.

அந்த ஒற்றைப் பெயரை அதற்குள் யாரோ வாங்கி, விளம்பரப் பக்கம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறான். கடிதம் திரும்பி வந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். திரும்பவில்லை. முன்னால் எந்தப் பெயரைப் போட்டு அனுப்பினாலும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிற அஞ்சல் பெட்டி ஒன்றை வைக்கலாமாம், மகள் சொல்கிறாள். பதினெட்டு நாள் அவர் என் மறுமொழிக்காகக் காத்திருக்கிறார். நான் அவருடைய கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன், இடையில் வார்ப்புக்காரனுக்கு என் கையிலிருந்து முன்பணமும் கொடுத்துவிட்டேன். பத்தொன்பதாம் நாள் அவர்கள் வேறு கடையில் எடுத்தாயிற்று. "பெரிய கடைக்காரர், சின்னக் கோயிலுக்கு மறுமொழி போடுவாரோ" என்று சபையில் கதைத்தார்களாம். நட்டத்தை விட அதுதான் மச்சான் நெஞ்சில் நிற்கிறது.

பன்னிரண்டும் இப்போது கடைக்குள் நிற்கின்றன. அவற்றுக்கு ஊடாக ஒருக்களித்துத்தான் நான் மேசைக்குப் போகிறேன்.

ஒற்றையை விலைக்குக் கேட்டோம். 1,800 டொலராம். நம் சட்டத்தரணி, அதுதான் வரதட்சணைக்கு சைக்கிள் வாங்கியவன், அவனிடம் போனேன். இணையப் பெயர்களை மேற்பார்வை செய்கிற ஐகான் என்ற அமைப்பு 1999இலேயே இந்த வழக்குகளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறதாம். மூன்று காட்ட வேண்டும்: அந்தப் பெயர் உன் வணிகக் குறியோடு குழம்பும்படி இருக்கிறது, அவனுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு வாங்கிப் பாவிக்கிறான். "ஒரு எஸ் கூடிக் குறைந்தது பெரிய வித்தியாசமில்லை, அதில நீ வெல்லலாம். ஆனா ஊரும் விளக்கும் உன்ர சொத்தோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பொதுச்சொல்லுக்குச் சொந்தக்காரன் இல்லை. தேத்தண்ணிக்கும் என்னைத்தான் காசு கொடுக்க வைத்தான்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ராத்திரி ராத்திரியாக இதையே வாசிக்கிறேன். ஆங்கிலத்தில் கடை தேடுகிறவன் பலதைப் பார்த்து ஒன்றை எடுக்க வருகிறானாம், அதனால் பன்மைக்குத்தான் மவுசு. ஹோட்டல்ஸ் டொட் கொம், கார்ஸ் டொட் கொம் எல்லாம் எஸ்ஸோடுதான் பெரிதாகின. புள்ளிக்குப் பின்னால் வருகிறதிலும் இந்தச் சண்டை உண்டு. 2012இல் டொட் கொம் மாதிரிப் புதிய வால்களுக்கு விண்ணப்பம் எடுத்தபோது, டொட் ஃபோட்டோவுக்கும் டொட் ஃபோட்டோஸுக்கும், டொட் கேரியருக்கும் டொட் கேரியர்ஸுக்கும், இந்த நாலுக்கும் சரி என்று கொடுத்துவிட்டார்கள். சனம் குழம்பும் என்று அப்போதே பலர் கத்தியிருக்கிறார்கள். இப்போது அடுத்த சுற்றுக்கு, ஒரே மொழியில் ஒரு சொல்லின் ஒருமையும் பன்மையும் சேர்ந்து கிடையாது என்று விதி போட்டிருக்கிறார்கள். என் பன்னிரண்டு விளக்கையும் அந்தச் சபையில் கொண்டுபோய் ஏற்றியிருந்தால் வெளிச்சம் முதலே வந்திருக்கும்.

ஆனால் மச்சான், எங்கள் கடைக்கு வருகிற சனம் எப்படிக் கேட்கிறது என்று ஒரு கிழமை காது கொடுத்தேன். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்தும் வைத்தேன். ஒரு தமிழ்ச் சனம்கூட 'விளக்குகள் இருக்கா' என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனை ஆச்சி ஒருவர் வந்தார். குத்துவிளக்கின் திருகைக் கழற்றி, தண்டு வேறு தட்டு வேறாக மடியில் வைத்து, ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதில் பிடித்தார். தராசில் கிலோக் கணக்குப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் ஆறு பேருக்கும் கொடுக்கவாம். "ஆறு விளக்கு கட்டித் தா தம்பி." ஆறு விளக்கு! 'ஆறு விளக்குகள்' என்று சொல்லியிருந்தால் நான் அவரை வானொலிச் செய்தி வாசிப்பவர் என்று நினைத்திருப்பேன்.

உடனே எனக்கு உன் உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது. பால்பகா அஃறிணை! மாடு வந்தது, மாடு வந்தன. மாட்டில் ஒருமை பன்மை தெரியாது, வினையில்தான் தெரியும் என்பதை நீ தலைகீழாகச் சொல்லி சுண்ணாம்பு வாத்தியாரிடம் மூன்று அடி வாங்கினாயே, அதுதான். 'கள் இல்லாமலும் தமிழன் நிதானமாகப் பேசுவான்' என்று அவர் சொன்ன பகிடிக்கு அன்றைக்குச் சிரிக்காதவன் நீ ஒருவன்தான்.

இன்னும் ஒன்று. எங்கள் கடைப் பையன் சிங்களவன், நல்ல பிள்ளை. நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு அவன் சொல்கிறான், சிங்களத்தில் ஒரு விளக்கு 'பஹன', பல விளக்கு 'பஹன்'. புத்தகமும் அப்படித்தான், ஒன்று 'பொத', பல 'பொத்'. பன்மையில் ஒலி குறைகிறது! ஆங்கிலக்காரன் கூட்டுகிறான், சிங்களவன் குறைக்கிறான், நாங்கள் சும்மா விட்டுவிடுகிறோம். ஒரே கடை வாசலால் மூன்று பேரும்தான் வருகிறார்கள். எந்தப் பெயரைப் போட, சொல்.

சரி, தமிழிலேயே போட்டால் என்ன என்று இறங்கினேன். 'டொட் இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரி 2010இலிருந்தே இருக்கிறது. அதிலும் மகள் பன்மையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் இறங்கினால் சேறு மச்சான். வாழ்த்துகளா வாழ்த்துக்களா, பொருள்களா பொருட்களா என்று கனகாலமாகத் தீராத சண்டை எங்களுடையது. கள் சேர்த்தால் ஒற்று உள்ளதும் இல்லாததும் என்று இரண்டு பெயர் வாங்க வேண்டிவரும். ஆங்கில எழுத்தில் எழுதினால் 'கே'யா 'ஜி'யா என்று இன்னும் இரண்டு. ஒற்றையாக 'விளக்கு' என்று வைத்தால் ஒன்றோடு போச்சு. அதைத்தான் எடுத்தேன். ஒரு குறை, சிலருடைய ஃபோனில் அதை ஒட்டினால் 'எக்ஸ் என்' என்று தொடங்கி இரண்டு கோடு போட்டுப் பூச்சி பூச்சியாக ஆங்கில எழுத்து வருகிறது. உள்ளே இயந்திரத்துக்கு அப்படித்தானாம். ஒரு வாடிக்கையாளர் வைரஸ் என்று பயந்து என்னைப் புளொக் பண்ணிவிட்டார்.

நேற்று மகள் புதிய பில் புத்தகத்துக்கு மாதிரி கொண்டுவந்தாள். மேலே கடைப் பெயர், பழைய போர்டில் உள்ளபடியே, அப்பாவின் பெயர் 'அன் சன்ஸ்'. "அப்பா, இதில மட்டும் எஸ் இருக்கட்டுமோ? சன் நீங்கள் ஒராள்தானே" என்றாள், பகிடியாகத்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. 83இல் கடை எரிந்து, அண்ணா கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனது உனக்குத் தெரியும். திரும்பக் கடையைக் கட்டி போர்ட் எழுதும்போது பெயின்டர் கேட்டான், 'சன்' என்று போடவா என்று. அப்பா ஒன்றும் சொல்லாமல் தூரிகையை அவன் கையிலிருந்து வாங்கி, தானே அந்தக் கடைசி எழுத்தை எழுதினார். கொஞ்சம் சரிவாக இருக்கும், கவனித்திருப்பாய். போன மாசியில் அண்ணாவும் போய்விட்டார். நான் இதுவரை உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம், சோம்பல் இல்லை.

பில் புத்தகத்தில் எஸ் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கடையை நடத்துவது மகள்தான் என்பதால், சன்னே பிழை என்று அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது உனக்கு ஒரு வேலை. 1,800 டொலரைக் கொடுப்பதா விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மச்சாளிடம் காரணத்தைச் சொல்லாமல் ஃபோனைக் கொடுத்து, கொழும்பில் குத்துவிளக்கு விற்கிற கடையைத் தேடச் சொல். அவள் என்ன அடிக்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார். ஒற்றையா இரட்டையா என்று மட்டும் எழுது. நீ அடிக்காதே, உன் தமிழை நம்பி நான் காசு போட மாட்டேன்.

உன்,
பித்தளை

பி.கு.: பன்னிரண்டில் ஒரு சோடி குண்டன் மகளுக்கு. மிச்சம் பத்து. உங்கள் பக்கம் யாராவது கோயில் கட்டினால் சொல்.