யூ இல்லாத க்யூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஆங்கிலச் சொல் புதிருக்கு நான் பதில் சொல்ல 23 நாள் தாமதம். நீயும் ஏன் என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் அரை மணி நேரம் ஆனாலே "தோத்தாச்சா?" என்று வந்து விழும்.

'ஐந்து எழுத்து. க்யூ இருக்க வேண்டும். யூ இருக்கக் கூடாது.' இவ்வளவுதான் இருந்தது. அனுப்பிய நேரம் இரவு இரண்டு மணி. அந்த நேரத்தில் அவளுக்கு என்ன விழிப்பு என்று அம்மா கேட்டாள். வேலையாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். நேரத்துக்குத் தூங்கு.

முதலில் அகராதியைத்தான் எடுத்தேன். முதலெழுத்து தெரிந்தால் அகராதி உதவும். நடுவிலோ கடைசியிலோ ஒளிந்திருக்கும் எழுத்தைத் தேடினால் அதற்குக் கண் தெரியாது. க்யூ பகுதி சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் முடிந்தது. கனாத் கிடைத்தது. ஈரானில் மலையடிவாரத்திலிருந்து நிலத்துக்கடியிலேயே தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ நினைத்தது அதுதானா என்று சந்தேகம்.

நீ சொல்லிக்கொடுத்தபடி கணினியில் போட்டேன். தெரியாத ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக் குறி. க்யூவை ஒவ்வோர் இடமாக நகர்த்தி ஐந்து தடவை தேடினேன். குவிக், குவயட், ஈக்வல், ஸ்குவாட் என்று யூவைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒரு பட்டாளம் வந்தது. அவற்றை அடித்த பிறகு மிஞ்சியது கொஞ்சம்தான். நிகாப் இருந்தது. டிரான்க் என்று ஒன்று, மனத்தை அடக்க விழுங்கும் மாத்திரையின் செல்லப்பெயர். அதைப் பார்த்ததும் உன் இரண்டு மணி ஞாபகம் வந்தது. அதே போல டி-யில் தொடங்கி க்யூவில் முடியும் இன்னொரு சொல்லும் இருந்தது, அரபியிலிருந்து வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. கணினியை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

புதிர் வெறும் புதிராகவே இருக்கலாம். நான் எதுவும் கேட்கவில்லை.

1939-ல் அமெரிக்காவில் ஒருவர் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தே வராமல் 50,000 சொற்களில் ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து அதுதான். தட்டச்சுப் பொறியில் அந்த ஒரு விசையைக் கட்டிப் போட்டுவிட்டு எழுதினாராம். உன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. ஆபீஸ் வருகிறது, மழை வருகிறது, மாடிவீட்டு நாய்கூட வருகிறது. ஒரு பெயர் மட்டும் வருவதில்லை. அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. சின்ன அத்தை விஷயத்தில் கவனிக்காமல் இருந்தது போதும்.

எழுத்தைப் பார்த்ததும் சொல்லைப் பிடிக்கிற மூளை உன்னுடையது. எஜுகேஷனில் ஐந்து உயிரெழுத்தும் இருக்கிறது என்று ஒன்பது வயதில் நீயே கண்டுபிடித்தாய், யாரும் சொல்லித் தரவில்லை. ஏழே எழுத்தில் ஐந்தும் வேண்டும் என்று நான் மடக்கியபோது மரங்களைப் பற்றிய புத்தகத்திலிருந்து செக்கோயாவைக் கொண்டுவந்தாய். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அப்படிப்பட்டவளுக்கு அப்பாவுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. சரி, விடு. தூங்குகிறாயா?

எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் நம் ஸ்கிராபிள் ஆட்டத்தின் பையில் 100 வில்லை. க்யூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. "யூவை வீணாக்காதே, க்யூ வரும்வரை கையில் ஒன்று வைத்துக்கொள்" என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். நல்ல யோசனைதான், இப்போதும் சொல்வேன். ஆனால் அதையே விதியாக்கிவிட்டேன். உனக்குப் பதினொரு வயது. எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர் என்று வரிசையாக வைத்தாய். ஃபகீர், அதாவது நம் பக்கிரி. "கே போட்டு எழுது. யூ இல்லாமல் க்யூ நிற்கவே நிற்காது" என்று வில்லைகளை நானே எடுத்து உன் பக்கம் தள்ளினேன். நீ வாதாடினாய். நான் குரலை உயர்த்தினேன்.

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பெரிய அகராதியைப் பார்த்தேன். கே போட்ட ஃபகீருக்குப் பக்கத்திலேயே உன் ஃபகீரும் இருந்தது. அரபியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ககரத்துக்கு க்யூவைத்தான் போடுகிறார்கள், அதற்கு யூ வேண்டியதில்லை. அவ்வளவு ஏன், குவீனே பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ போட்டுத்தான் இருந்தது. 1066-ல் நார்மன்காரர்கள் வந்த பிறகுதான் அவர்களுடைய எழுத்தர்கள் க்யூவையும் யூவையும் ஜோடி சேர்த்தார்கள். இது பின்னாளில் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது நீ சொன்னது சரி என்பது மட்டும். அகராதியை மூடி வைத்தேன். காலையில் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் வைக்கும் முன் நீ என் முகத்தைப் பார்ப்பாய். ஆட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். கல்யாணப் பேச்சு வந்த அன்றும் அப்படித்தான் பார்த்தாய், பாப்பா. நான் தலையாட்டினேன்.

போனில் இதைச் சொல்ல வரவில்லை, அதனால்தான் கடிதம். அம்மாவிடம் காட்டவில்லை.

புதிருக்கு என் பதில் ஃபகீர். கட்டத்தின் கூடுதல் எதுவும் சேர்க்காமல் 17 புள்ளி. பழைய நோட்டில் அந்த ஆட்டம் இருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்து உன் பெயருக்குக் கீழே எழுதிவிட்டேன். கூட்டிப் பார்த்தால் அன்று ஜெயித்தது நீ, நான்கு புள்ளியில்.

யூ இல்லாமலும் க்யூ நிற்கும். நான் சொன்னது தப்பு.

இனி உன் முறை. எந்த மணி ஆனாலும் அனுப்பு. மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்கவில்லை.

அப்பா