பனிக்கால ஓட்டமும் விடிந்த பின் அசையும் கொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், குளிர்காலத்தில் அரை மாராத்தான் ஓடுவோருக்கான யோசனைகள் சில வெளிவந்திருந்தன. கையுறை, காதை மூடும் தொப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு உடை என்று அதில் சொல்லப்பட்டவை யாவும் சரியானவையே. ஆனால், உறைபனியில் ஓடுகிறவர்களுக்குத்தான் அவை சரி. தை மாதத்து விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்குகிற நம் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பகுதியில் அவற்றை அப்படியே பின்பற்றுகிறவர் பாதி வழியில் மயங்கி விழ நேரும். இரண்டு வகைக் குளிரிலும் 21 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தவன் என்ற முறையிலும், இரண்டாவதில் விழுந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு ஊடே சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஓடத் தொடங்கியது 60 வயதுக்குப் பிறகு. மூன்று ஆண்டுகளுக்கு முன் கனடாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நவம்பர் இறுதியில் அங்கு நடந்த அரை மாராத்தான் ஒன்றுக்கு அவனோடு சேர்ந்து பெயர் கொடுத்தேன். அன்று காலை வெப்பநிலை மைனஸ் 7. கிளம்பும் நேரத்தில் நான் போட்டிருந்த பருத்தி பனியனைக் கழற்றச் சொல்லிவிட்டான் மகன். பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். ஆகவே வியர்வையை வெளியே கடத்தும் பாலியெஸ்டர் உடை ஒன்று, அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று, கையுறை, தொப்பி, அவ்வளவுதான். வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக எண்ணிக்கொண்டு உடுத்த வேண்டும் என்பது அங்கே ஓடுகிறவர்களின் கணக்காம். (விடியற்காலையில் 22 டிகிரி இருக்கும் நாகர்கோவிலுக்கு அதே கணக்கைப் போட்டால் 32 டிகிரி வருகிறது. அந்தச் சூட்டுக்கு என்ன உடுத்துவது என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

அந்த ஓட்டத்தில் என் புருவ மயிரில் வியர்வை வெண்மையாக உறைந்து நின்றது. மேசையில் வரிசையாக வைத்திருந்த தண்ணீர்க் குவளைகளின் மேல் கண்ணாடித் தகடு போலப் பனிக்கட்டி படர்ந்திருந்ததால், விரலால் உடைத்துவிட்டுத்தான் குடிக்க முடிந்தது. சிந்திய தண்ணீர் சாலையில் உறைந்து வழுக்கும் என்பதற்காக அந்த இடத்தில் மணல் தூவியிருந்தார்கள். இத்தனைக்கும் எனக்கு ஒரு சிறு சுளுக்குக்கூட ஏற்படவில்லை. காரணம் என் திறமை அல்ல, ஏற்பாடு. கொடி அசைவதற்குப் பத்து நிமிடம் முன்புவரை எங்களை ஒரு பள்ளிக்கூடத்தின் கதகதப்பான கூடத்திலேயே இருக்கச் செய்தார்கள். குளிர் சற்று விலகட்டும் என்று ஒன்பது மணிக்கு வைத்த ஓட்டம் ஒன்பது மணிக்கே தொடங்கியது. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூடாகத்தான் மாறுகிறது என்பதால் ஓடும் வரை குளிரைத் தாங்க முடிகிறது. கால் நின்றதும் அந்த அடுப்பு அணைந்து, வியர்வையில் நனைந்த உடம்பு நடுங்கத் தொடங்கும். இது தெரிந்துதான், எல்லைக் கோட்டைத் தாண்டியவுடன் தோளில் ஒரு வெள்ளித் தாளைப் போர்த்தி, மாற்றுடை வைத்திருந்த பையைக் கையில் கொடுத்தார்கள். கொடி அசைத்தவர் உரையாற்றினாரா என்பது எனக்கு நினைவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஜனவரியில் இங்கு நடந்த ஓர் அரை மாராத்தானில் ஓடினேன். நடத்தியவர்களையோ ஊரையோ குறிப்பிட விரும்பவில்லை. அவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தொடக்கம் 5.30 மணி என்றும், 4.30-க்கே மைதானத்தில் இருக்க வேண்டும் என்றும் துண்டறிக்கை சொன்னது. பனி பெய்து புல்லெல்லாம் நனைந்திருந்தது. குளிர்கால ஓட்டம் என்ற பெயரை நம்பிப் பலரும் ஸ்வெட்டரோடு வந்திருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்து, வாழ்த்துரைகள் முடிந்து, கொடி அசைந்தபோது மணி 6.50. ஜனவரியில் நம் ஊரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.40-க்கு. குளிர் நாட்டில் தாமதமாகத் தொடங்குவது ஓடுகிறவருக்குச் செய்யும் உதவி. இங்கே அது தண்டனை. இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிற என்னைப் போன்றவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தைச் சுள்ளென்ற வெயிலில் ஓட வேண்டியதாயிற்று.

காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உடம்பு குளிரும்போது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உள்ளுறுப்புகளின் பக்கம் திரும்புகிறது. அங்கே நீர் மிகுந்துவிட்டதாகக் கருதிச் சிறுநீரகங்கள் அதை வெளியேற்றத் தொடங்குகின்றன. பனியில் நின்றால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது இதனால்தான். அதே வேளையில் தாகமும் மங்கிவிடுகிறது. அன்று சில நூறு பேருக்கு அந்த மைதானத்தில் இருந்த கழிப்பறைகள் இரண்டு. அவற்றில் ஒன்று பூட்டிக் கிடந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், அன்றுதான் முதன்முறையாக ஓட வந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை. "நேற்று ராத்திரி ஒன்பது மணியிலிருந்தே குடிக்கவில்லை மாமா, இங்கே எங்கே போவது?" என்றாள். அவளோடு நின்ற மற்ற பெண்களும் அப்படியே செய்திருந்தார்கள் என்பது பிறகு பேசியபோது தெரிந்தது. நீர் வற்றிய உடம்போடு 21 கிலோமீட்டருக்கு அவர்களை அனுப்பி வைத்தோம். அவள் எட்டாவது கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டாள்.

நான் விழுந்தது பதினேழாவது கிலோமீட்டரில். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டி நெடுநேரம் ஆகியிருந்தது. புல்லில் பனித்துளி நிற்கிறதென்றால் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காற்றில் வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உலராத வியர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சி இல்லை. குளிர்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே சூடு ஏறிவிடுகிறது. சாலையோரத்து டீக்கடைக்காரர் ஒருவர் என்னை நிழலில் படுக்க வைத்து, சொம்பு நிறைய உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் இரண்டு மட்டிப்பழமும் தந்தார். வழியில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் தண்ணீர்தான். வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும் என்பதை அந்தக் கடைக்காரர் படித்திருக்க மாட்டார். ஆனாலும் சரியானதையே செய்தார்.

இவற்றையெல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. மகா சிவராத்திரியையொட்டி நம் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் நடைபெறும் சிவாலய ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அந்தப் பயணத்தில், கையில் விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று முழங்கியபடி, பன்னிரண்டு சிவாலயங்களை, நூறு கிலோமீட்டர் அளவிலான தொலைவை, வெறுங்காலோடு கடக்கிறார்கள். வழிநெடுகக் குளித்து, ஈர வேட்டியோடு இரவிலும் ஓடுகிறார்கள். மைனஸ் 7-இல் ஆளைக் கொல்லக்கூடிய அந்த ஈரத் துணி, மாசி மாதத்து இரவில் சூட்டைத் தணிக்கும் துணையாகிவிடுகிறது. மோரும் பானகமும் சுக்குநீரும் ஊர்தோறும் வாசலில் காத்திருக்கின்றன. உப்பு, சர்க்கரை, நீர் மூன்றும் அதில் வந்துவிட்டன. கொடி அசைக்கத்தான் அங்கே யாருமில்லை.

ஆகவே, ஓட்டம் நடத்துவோர் ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும்; விருந்தினர் பரிசளிப்புக்கு வந்தால் போதும், அப்போது கூட்டமும் அவர் பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்கும். இருட்டில் ஓடுவது ஆபத்து என்று காவல்துறை தயங்குமானால், முதல் ஒரு மணி நேரத்துக்காவது தெருவிளக்குள்ள சாலைகளில் பாதை அமைத்துக்கொள்ளலாம். பெண்களுக்குத் தனியாகப் போதுமான கழிப்பறைகள் இல்லாத மைதானத்தில் ஓட்டத்துக்கு அனுமதியே வழங்கக்கூடாது என்பது மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள். தண்ணீர் மேசைகளில் பாதியிலாவது உப்பு மோர் இருக்கட்டும்.

வரும் ஜனவரி ஓட்டத்தின் துண்டறிக்கை எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. தொடக்கம் காலை 5 மணி என்று அச்சிட்டிருக்கிறார்கள். சிறப்பு விருந்தினரின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பணம் கட்டிவிட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
தக்கலை.