தேயிலையைப் பிடுங்கும் முன் தரைவண்டை எண்ணுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட மலையின் கெடு 2028-இல் முடிகிறது. அங்கே தலைமுறைகளாக உழைத்த குடும்பங்களுக்கு என்ன வழி என்பது பெரிய கேள்வி. அதைப் பேச என்னைவிட உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துச் சரிவுகளில் தேயிலையை எடுத்துவிட்டுக் காட்டை மீட்கும் வேலை தொடங்கும் முன்பே, அந்த மண்ணில் இப்போது எந்தெந்தத் தரைவண்டு (கராபிடே என்ற வண்டுக் குடும்பம்) ஓடுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். கக்காச்சிப் பக்கம் வெட்டுப்படாமல் நிற்கும் மழைக்காட்டிலும் அதே கணக்கை எடுங்கள்.

புலிக் கணக்குக்கே ஆள் போதவில்லை, இதில் வண்டுக் கணக்கா என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆனால் நாற்று நட்டுப் பத்து வருடம் போனால் செயற்கைக்கோள் படத்தில் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பச்சைக்குக் கீழே சருகு மட்கியதா, ஈரம் தங்கியதா என்று படம் சொல்லாது. இருவாச்சி பறந்து வந்துவிடும். சிங்கவால் குரங்கு கிளை தாவி வந்து வெடிப்பலாப் பூவைத் தின்றுவிட்டுப் போய்விடும். மலைக்காட்டுத் தரைவண்டுகளில் பலவற்றுக்கோ பறக்கும் இறக்கை கிடையாது. அது நடந்துதான் வர வேண்டும். வழியில் நிழலும் சருகும் இரையும் அறுபடாமல் இருந்தால்தான் வரும். நட்ட காட்டுக்குள் அது வந்துவிட்டது என்றால் அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

அது என்ன தின்கிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. உலகம் முழுக்க ஏறத்தாழ 40,000 இனங்கள். பெரும்பாலானவை இரவில் ஓடியாடி வேட்டையாடுபவை. பல இனங்கள் இரையை மென்று விழுங்குவதில்லை. தாடையால் கவ்வி, செரிமான நீரை அதன் மேலேயே கக்கி, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். நத்தை தின்னும் சில இனங்களுக்கு ஓட்டுக்குள் நுழைக்கத் தோதாகத் தலை ஒடுங்கி நீண்டிருக்கும். பவுசஸ் என்ற கூட்டம் எறும்புப் புற்றுக்குள்ளேயே குடியிருந்து எறும்புக் குஞ்சுகளைத் தின்னும். ஆர்த்தோகோனியஸ் வண்டின் புழு கரையான் புற்றில் வளர்கிறது. இரண்டும் இந்தியாவில் உண்டு. அமேசான் காட்டில், உதிர்ந்த அத்திப்பழத்தின் விதையைத் தின்றே இனம் பெருக்கும் தரைவண்டுகளைக் கண்டிருக்கிறார்கள். நம் மலையில் அத்திமரத்தடியில் இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பது யார் வேலை?

ஆகவே எத்தனை இனம் என்ற எண் மட்டும் போதாது. வெட்டவெளியிலும் தோட்டத்திலும் பொதுவாக இறக்கையுள்ள, கிடைத்ததைத் தின்னும் சின்ன வண்டுகளும் விதை தின்னிகளும் மிகும். காட்டு உட்புறத்தில் இன்ன இரைதான் வேண்டும் என்று இருப்பவை மிகும். இந்த விகிதம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் இருப்பதை மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் எதைத் தின்றது என்றும் தெரிந்துவிடும்.

செலவு பெரிதாக ஆகாது. பிளாஸ்டிக் டம்ளரை விளிம்பு தரைமட்டமாக இருக்கும்படி மண்ணில் புதைத்தால் ஓடுகிற வண்டு தானே விழும். ஊத்து மழைக்கு மேலே ஒரு கூரை வைக்காவிட்டால் டம்ளர் அரை நாளில் நிரம்பி வழியும். வாய் அகலமாக இருந்தால் தவளையும் மூஞ்சூறும் விழுந்து சாகும், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் டம்ளரோடு நிறுத்திவிடாதீர்கள். வெப்பமண்டலக் காட்டுத் தரையில் எறும்பின் ஆட்சி அதிகம். அதனாலோ என்னவோ, தரைவண்டு என்று பெயர் வைத்துக்கொண்டு பல பேர் மரத்தில் ஏறிவிட்டார்கள்! அடிமரத்தையும் பட்டைக் காளானையும் இரவில் தேடிப் பார்க்க வேண்டும். சருகைச் சல்லடையில் சலிக்க வேண்டும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் இங்கே பெய்வதால் ஒரு பருவத்துக் கணக்கு மற்றதற்கு உதவாது.

பெயர் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இந்தியத் தரைவண்டுகளைப் பற்றி ஆண்ட்ரூஸ் என்ற பூச்சியியல் அறிஞர் 1929-லும் 1935-லும் எழுதிய இரண்டு தொகுதிகளைத்தான் இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது. (முதல் தொகுதி வந்ததும் குத்தகை எழுதியதும் ஒரே வருடம்.) கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறை இருக்கிறது; கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகமே இருக்கிறது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே தாமிரபரணி வயலில் இலைச்சுருட்டுப் புழுவைச் சுருட்டின இலைக்குள்ளேயே புகுந்து தின்னும் ஓபியோனியா வண்டும் இந்தக் குடும்பம்தான் என்பதால் அவர்களுக்கும் இது வேற்று வேலை அல்ல.

டம்ளர் புதைக்கும் வேலையைக் காணிக்காரப் பழங்குடியினருக்கும், தோட்டத்தில் வேலை பார்த்து அந்தச் சரிவுகளை அடியடியாக அறிந்தவர்களுக்கும் கூலி கொடுத்துத் தாருங்கள். எங்களைப் போன்ற ஆர்வலர்கள் கூலியில்லாமல் வரத் தயார். அனுமதி மட்டும் வேண்டும். வருகிற தென்மேற்குப் பருவத்துக்கு முன்பே முதல் டம்ளர் மண்ணுக்குள் போனால்தான், 2028-க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வருடக் கணக்கு கையில் இருக்கும்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரத்துப் பூச்சி ஆர்வலர் ஒருவர்