பரணில் தப்பிய மடிக்கணினி

அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. நீர் கேட்ட கேள்விக்கு வாய்க்கு வந்ததை எழுதிவிடாமல், என்னிடமிருக்கும் பழைய மடிக்கணினியை இன்னொரு முறை கழற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். இங்கே மலைப்பக்கம் சாரல் விழத் தொடங்கிவிட்டது. காற்றில் கதவுகள் அடித்துக்கொண்டே இருக்கின்றன. மின்சாரம் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த 2023 டிசம்பர் மழையில், தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தில் உம் வீட்டுக்குள்ளும் புகுந்து, கீழ் அலமாரியில் நாம் அடுக்கி வைத்திருந்த குறிப்பேடுகளையெல்லாம் கூழாக்கிவிட்டுப் போனதை அன்றே தொலைபேசியில் சொன்னீர். ஆனால் பரணில் வேட்டியில் சுற்றிக் கிடந்த உமது திங்க்பேட் மடிக்கணினி நனையாமல் தப்பியது என்பதை இந்தக் கடிதத்தில்தான் முதன்முறையாக எழுதுகிறீர்! அதைப் பழைய இரும்புக்கடைக்குப் போடச் சொல்லி உம் மகன் வற்புறுத்துவதாகவும், போடலாமா, இன்றைக்கும் அதை வைத்து வேலை செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர். போடவே கூடாது. கோயில் கொடைக்குக் கொடை விடிய விடிய உட்கார்ந்து நாம் எழுதிய வில்லுப்பாட்டுக் குறிப்புகளில் என் பங்கு மட்டுந்தான் என்னிடம் இருக்கிறது. உம் பங்கு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

எனவே முதல் வேண்டுகோள்: ஆசைப்பட்டு அதை இப்போதே மின்சாரத்தில் செருகி முடுக்கிப் பார்க்க வேண்டாம். பல வருடம் சுழலாமல் கிடந்த ஹார்ட் டிஸ்க் எத்தனை முறை சுழலும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சுழலும் அந்த முதல் முறையை விண்டோஸ் எழுந்து சோம்பல் முறிப்பதற்குச் செலவழிக்காமல், கோப்புகளைப் பிரதி எடுப்பதற்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். உம்முடைய டி60 மாடலில் அடிப்பக்கத்துத் திருகு ஒன்றைத் தளர்த்தினால் ஹார்ட் டிஸ்க் பக்கவாட்டில் உருவி வந்துவிடும். அது சாட்டா என்னும் புதிய இணைப்பு வகை என்பதால், யுஎஸ்பி முனை கொண்ட சாதாரணமான ஒரு கேபிளில் மாட்டி இன்றைய எந்தக் கணினியிலும் படிக்கலாம். என்னுடைய டி42 அதற்கும் மூத்தது. அதில் இருந்தது 44 ஊசி கொண்ட பழைய ஐடிஇ வகை. அதற்கேற்ற இணைப்பியைத் தேடி நான் அலைந்த அலைச்சல் உமக்கு இல்லை.

அடுத்தது பேட்டரி. அதைக் கழற்றி ஒரு சமதளத்தில் வைத்துப் பாரும். மேடை மேல் ஆடினாலோ ஓடு பிளந்திருந்தாலோ உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை வீட்டுக்குள் வைத்திருக்கவே கூடாது. நன்றாகத் தெரிந்தாலும் அதை நம்ப வேண்டாம். என் பேட்டரி இரண்டு நிமிடங்கூடத் தாங்காமல் போனபோது, புதுச் செல்கள் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே இருப்பவை 18650 எனப்படும், 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைச் செல்கள். மும்மூன்றாக இரண்டு வரிசை, மொத்தம் ஆறு. செல்லை மாற்றுவது பெரிய வித்தையில்லை என்று கடைக்காரர் சொன்னார், மாற்றியும் கொடுத்தார். ஆனால் அந்தப் பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் சிறிய சுற்றுப்பலகை ஒன்று இருக்கிறது. பழைய செல்லை வெட்டி எடுக்கும்போது அதற்கு மின்சாரம் அற்றுப்போனால், ஏதோ ஆபத்து நேர்ந்துவிட்டது என்று முடிவு செய்து அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிடும். ஆறு புதுச் செல்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றிலிருந்து நான் பேட்டரி இல்லாமலே, இன்வெர்ட்டரோடு இணைந்த பிளக்கில் மட்டும் செருகி வேலை செய்கிறேன். மடியில் வைக்க முடியாத மடிக்கணினி என்று வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டும் திங்க்பேட்தானே என்று என்னுடையதை உமக்கு இரவல் தர முடியாது. டி42-க்கு 16 வோல்ட், டி60-க்கு 20 வோல்ட். முனையின் அளவும் வேறு. பரணில் தேடிப் பார்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 20 வோல்ட் என்று எழுதியிருப்பதையே எடுத்து வையும்.

இப்போது நான் ஏமாந்த கதை. சென்ற ஆண்டு ஒருநாள் என் கணினியில் இணையத்தளங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எதைத் திறந்தாலும், இந்த இணைப்பு பாதுகாப்பானதில்லை என்ற அறிவிப்பு. கணினிக்கு வயதாகிவிட்டது, உலகம் நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது என்று இரண்டு நாள் மனம் சோர்ந்து கிடந்தேன். மூன்றாம் நாள் தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தால், தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. வெளி மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைக்க, உள்ளே கைக்கடிகாரத்துக்குப் போடுவது போன்ற ஒரு வில்லை பேட்டரி இருக்கிறது. சிஆர்2032 என்று அதற்குப் பெயர், இரண்டு மெல்லிய கம்பிகளோடு வரும். அது செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்று காட்டும் சான்றிதழுக்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று ஒரு காலவரம்பு உண்டு. நம் கணினி பழைய வருடத்தில் உட்கார்ந்திருந்தால், எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காத குழந்தையின் ஜாதகமாகத்தான் அதற்குத் தெரியும். பெரிய பேட்டரியும் இல்லாமல் இருந்ததால் மின்வெட்டுக்கு மின்வெட்டு தேதி பின்னோக்கிப் போயிருக்கிறது. ஒரு வில்லையை மாற்றியதும் உலகம் கதவைத் திறந்துவிட்டது. உம்முடையதில் அது கட்டாயம் தீர்ந்திருக்கும், யோசிக்காமல் மாற்றிவிடும்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்றுக்கு இந்த இயந்திரங்கள் செய்யப்படவில்லை. என்னுடையதைத் திறந்தபோது ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு மெத்தை போலத் தூசி அடைத்திருந்தது. அதற்கடியில் ஒரு எறும்புக் குடும்பம். ஊதித் தள்ளும்போது ஃபேனின் இறக்கையை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்று அச்சு கெட்டுவிடும். சிப்பின் மேல் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு மிளகளவு வைத்தேன், ஃபேனின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. டி42-க்கு இன்னொரு பிறவிக் குறை உண்டு. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் லேசாக வளைந்து, படம் காட்டும் சிப்பின் அடியிலிருக்கும் ஈயப் பற்றுகள் காலப்போக்கில் விரிசல் கண்டுவிடும். அதனால் அதைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தித்தான் எடுக்கிறேன். திரை இரண்டிலுமே பழைய குழல்விளக்கு வகைதான். முதல் சில நிமிடம் சிவந்து மங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வயது அப்படி.

இனி உம்முடைய முக்கியமான கேள்வி, எதை நிறுவுவது. அதில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. அதை வைத்து இணையத்துக்குள் போவது திறந்த வீட்டில் பணத்தை வைத்துவிட்டுத் தேர் பார்க்கப் போவது போன்றது. ஆனாலும் அந்த எக்ஸ்பி-யை அழித்துவிடாதீர்! நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்கை எக்ஸ்பி-யோடு அப்படியே கழற்றி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, சுழலும் பகுதி ஏதும் இல்லாத ஒரு சிறிய எஸ்எஸ்டி-யை ஐடிஇ இணைப்பியில் பொருத்தி, விண்டோஸுக்கு மாற்றான டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். உமக்குச் சாட்டா என்பதால் இணைப்பிகூடத் தேவையில்லை, கடையில் கிடைக்கும் எஸ்எஸ்டி-யே நேராகப் பொருந்தும். ஒரு திருகைத் தளர்த்தினால் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் போய்விடலாம்.

டெபியனில் எந்தப் பதிப்பு என்பது உமது இயந்திரத்தின் மூளையான இன்டெல் சிப்பைப் பொறுத்தது. வெறும் கோர் டுவோ என்றிருந்தால் அது 32 பிட். கோர் 2 டுவோ என்றிருந்தால் 64 பிட். டி60 இரண்டு விதமாகவும் வந்தது. 64 பிட் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐயே போடலாம். 32 பிட் என்றால், அதற்கு முந்தைய 2023-ஆம் வருடத்து 12-ஆம் பதிப்போடு நின்றுகொள்ள வேண்டும். 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவும் வசதியை எடுத்துவிட்டார்கள். என் கணினியின் பென்டியம் எம் சிப்பின் பாடு அதுதான். நினைவகத்தை முடிந்தவரை கூட்டிக்கொள்ளும்: எனக்கு 2 ஜிபி-க்கு மேல் ஏறாது, உமக்கு 4 ஜிபி செருகினாலும் ஏறக்குறைய 3 ஜிபி-தான் கணக்கில் வரும்.

வைஃபை பற்றி நீர் கேட்கவில்லை. ஆனால் கேட்கத்தான் போகிறீர். என் பழைய கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கண்ணுக்கே தெரியாது. ஆகவே அந்தத் தொல்லையை விட்டுவிட்டு, கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்துகிறேன். மின்னஞ்சல், விக்கிப்பீடியா, செய்தித்தாள் இவ்வளவும் மெதுவாகவேனும் நடக்கிறது. காணொளி பார்க்க முயன்றால் கணினி மூச்சு வாங்குகிறது. வங்கி வேலையை இதில் நான் செய்வதில்லை. உம்மையும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

எழுதுவதற்கு மட்டும் இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஏழு வரிசை விசைப்பலகையை திங்க்பேட் தயாரிக்கும் லெனோவோ 2012-இல் கைவிட்டது. இன்றைய கணினிகளின் தட்டையான விசைகளில் என் விரல்கள் தடுமாறுகின்றன. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ் 99 என்னும் விசை அமைப்பு கிடைத்துவிடும். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாக, நாம் எ-கலப்பை மென்பொருளில் பழகியது அப்படியே வரும்.

இங்குதான் எக்ஸ்பி-யை ஏன் அழிக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். நாம் அந்த நாளில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றைய பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லை. என்னுடையவற்றில் பெரும்பாலானவை தகுதரம் எனப்படும் டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையில் இருந்தன. அதில் கொ என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று துண்டாகப் பதிவாகியிருக்கும். ஒருங்குறியிலோ க முதலில், உயிர்க்குறி பிறகு. ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இந்த வரிசையைத் திருத்திக் கொடுத்துவிடுகின்றன, ஆகவே டிஸ்கி பெரிய சிக்கலில்லை. சிக்கல் உம்மிடந்தான். நீர் அச்சகத்து நண்பர் கொடுத்த ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டினீர் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வகையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பைதான் தெரியும், எந்தத் துண்டு எந்த எழுத்து என்று சொல்லவும் ஆளிருக்காது. அந்த எழுத்துருக் கோப்பு உமது எக்ஸ்பி-யின் ஃபான்ட்ஸ் அடைவில்தான் இருக்கும். ஆவணங்களைப் பிரதி எடுக்கும்போது அந்த அடைவையும் முழுமையாக எடுத்துவிட வேண்டும். மாற்றும் மென்பொருள் அதற்குச் சரிவராவிட்டால், இணையத்தில் இணைக்காமல் எக்ஸ்பி-யிலேயே திறந்து, திரையைப் பார்த்துப் பக்கத்தில் என் கணினியில் மீண்டும் தட்டச்சு செய்யலாம். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டினால் ஒரு வாரத்தில் முடியும் என்பது என் கணக்கு. நீர் வாசிக்கும் வேகத்துக்கு இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லை வருவதாக எழுதியிருக்கிறீர். தேர் பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறி இங்கே வந்துவிடும். கணினியையும் 20 வோல்ட் சார்ஜரையும் கொண்டுவாரும். பேட்டரி ஆடினாலோ பிளந்திருந்தாலோ அதை மட்டும் தூக்கி வர வேண்டாம். கேபிளும் வில்லை பேட்டரியும் நான் வாங்கி வைத்திருக்கிறேன். டிஸ்க் சுழன்றால் முதலில் திறக்க வேண்டியது பாபநாசம் பக்கத்துக் கொடையின் கோப்பை. விடியற்காலையில் வில்லுக்காரர் மாற்றிப் பாடிய அந்த இரண்டு வரியை நீர் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அன்றிரவு எழுதிக்கொண்டிருந்தவர் நீர்தான்.

அன்புடன்,
உமது பழைய அறைத்தோழன்