சூத்திரக் கட்டத்துக்குப் பூட்டு

ஆசிரியருக்கு,

கடலூர் முதுநகரில் மீன் கணக்கை எக்செல்லில் போடுவோர் கவனத்துக்கு: எடையை விலையால் பெருக்கும் சூத்திரம் உள்ள தொகைக் கட்டத்தில் தெரியாமல் 40 என்று அடித்தால் சூத்திரம் அழிந்து, அந்த 40 மொத்தத்தில் ஏறிவிடும். பிழை என்று எதுவும் காட்டாது.

எக்செல்லில் எல்லாக் கட்டங்களும் பிறவியிலேயே 'லாக்டு' (பூட்டியவை)தான். ஷீட்டைப் பூட்டும்வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. நேரே பூட்டினால் எடைகூட அடிக்க முடியாது. முதலில் எடை, விலைக் கட்டங்களைத் தேர்ந்து, கன்ட்ரோல்+1 அழுத்தி, 'புரொடெக்‌ஷன்' பகுதியில் 'லாக்டு' டிக்கை எடுக்கவும். பிறகு 'ரிவ்யூ' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்'. அங்கே 'செலக்ட் லாக்டு செல்ஸ்' டிக்கையும் எடுத்தால் கர்சர் சூத்திரத்தின் பக்கமே போகாது.

பூட்டிய பிறகும் ஓர் ஓட்டை உண்டு. B2-இல் அடித்த எடையை 'கட்' செய்து B5-இல் ஒட்டினால், 2-ஆம் வரிசைச் சூத்திரமும் B2-ஐ விட்டு B5-இன் எடையை எடுக்கத் தொடங்கும். 5-ஆம் வரிசைத் தொகையில், சூத்திரம் தேடும் கட்டம் இல்லை என்னும் '#REF!' பிழை வரும். அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே நல்லது.

– ஒரு கணக்கர், கடலூர்