தெரிந்த ஆளிடம் எப்படி ரசீது கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மழைக்கு முன்னால் வீட்டைச் செப்பனிடுவது பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட கொத்தனார் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கொத்தனார் தலையில் துண்டைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை, சரி, அது போகட்டும். கடைசிப் பத்தியில் உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: தெரிந்த ஆளாகப் பார்த்து வேலையைக் கொடுத்தால் முன்பணம் கொடுப்பதற்குப் பயப்பட வேண்டாமாம். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படித்தால் பேப்பரைக் கிழித்துவிடுவேன் என்று தோன்றியதால் மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னிடம் முன்பணம் வாங்கின கொத்தனார் தெரிந்த ஆள்தான் ஐயா. அவருடைய அப்பா எங்கள் அப்பா காலத்தில் கொல்லைச் சுவர் எழுப்பியவர். இவர் என் தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், என் மாமியார் காரியத்துக்குப் பந்தல் போட ஆள் கூட்டி வந்தவர். இதைவிடத் தெரிந்த ஆளை நான் எந்த ஊரில் போய்த் தேட?

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. வீடு தாத்தா கட்டியது, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம். ஐப்பசி பிறந்தால் கூடத்தில் நாலு வாளி வைக்க வேண்டும். மேலே இருக்கும் பழைய தட்டோட்டைக் கொத்தி எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு வாட்டம் சரிபார்த்து, புதுத் தட்டோடு பதிக்க ஒரு லட்சத்து 85 ஆயிரம் பேசினோம். போன வருஷம் ஆனி மாசம் 60,000 ரூபாய் கையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, "எம்-சாண்ட் விலை ஏறப் போகுதுக்கா, இப்பவே இறக்கிப் போட்டுடலாம்" என்றார். அதற்கு 25,000. அதை மட்டும் அண்ணன் மகன் போனிலிருந்து ஜிபேயில் அனுப்பினோம், அதுவும் அவர் மச்சான் நம்பருக்கு, ஏனென்றால் அவர் போனில் ஏதோ கோளாறாம்.

ரசீது கேட்டீர்களா என்று கேட்பீர்கள். நான் 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். கையெழுத்து இல்லாமல் ஒருத்தருக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. கையெழுத்து லேசாக மாறியிருக்கிறது என்று எண்பது வயதுப் பாட்டியைத் திருப்பி அனுப்பி அவர் வாயில் விழுந்திருக்கிறேன். 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அந்த ஸ்டாம்பைக் கிழித்துக் கிழித்து விற்ற கை இது. அப்பேர்ப்பட்டவள், "ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமா தம்பி" என்று எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்டபோது அவர் சொன்னார்: "நமக்குள்ள என்னக்கா பேப்பர், நான் ஓடியா போயிடுவேன்?" சொல்லும்போது முகம் வாடிவிட்டது. எனக்கே வெட்கமாகப் போய், காப்பி போட உள்ளே போய்விட்டேன். இப்போது சொல்லுங்கள், தெரியாத ஆளாக இருந்தால் எழுதி வாங்கியிருப்பேனா மாட்டேனா?

ஓடிப் போகவில்லை என்பது உண்மைதான். தினமும் என் வாசல் வழியாகத்தான் பைக்கில் போகிறார்.

பணம் வாங்கின கையோடு ஆடி வந்துவிட்டது. ஆடியில் ஆரம்பிக்கக் கூடாது என்றார். ஆவணியில் எல்லார் வீட்டிலும் கிரகப்பிரவேசம், முடித்துக் கொடுக்காவிட்டால் கழுத்தைப் பிடிப்பார்கள் என்றார். ஆனாலும் ஆவணிக் கடைசியில் ஒரு நாள் இரண்டு சித்தாளோடு வந்து, தளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொத்திப் போட்டுவிட்டு, மறுநாள் வருகிறேன் என்று போனார். புரட்டாசி ஆகாது என்றார், ஒழுகுகிற மாடிக்கு என்ன புரட்டாசி? அப்புறம் ஐப்பசி, அடைமழை, அதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தை மாசம் கேட்டால் சித்தாள்கள் சம்பா அறுப்புக்குப் போய்விட்டார்களாம். எங்கள் ஊரில் அறுப்பதெல்லாம் மெஷின் என்று அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது மறுபடியும் புரட்டாசி. கொத்திப் போட்ட இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். நாலு வாளி ஏழாகிவிட்டது.

அந்த ஒரு நாள் எதற்கு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கை வைத்துவிட்டால் வேறு கொத்தனார் தொடமாட்டார். பக்கத்து ஊரிலிருந்து இன்னொருவரை அழைத்து வந்து காட்டினேன். மாடி ஏறிப் பார்த்தார், இறங்கி வந்து தண்ணீர் குடித்தார், "அவர் அட்வான்ஸ் வாங்கின வேலைங்கம்மா, நான் தொட்டா தப்பாயிடும், அவரே ஒரு வார்த்தை சொன்னா வர்றேன்" என்று போய்விட்டார். தொழில் தர்மம் நல்ல விஷயம்தான். என் பணத்துக்கும் அதில் ஒரு ஓரமாக இடம் இருந்தால் தேவலை.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பாவம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆட்களுக்குக் கூலி எண்ணி வைக்க வேண்டும். முன்னால் வேலை செய்த வீட்டுக்காரர் கடைசித் தவணையைத் தராமல் இழுத்தடித்திருக்கிறார், என்னுடைய 60,000 அந்த வீட்டை முடிப்பதற்குப் போயிருக்கிறது. இனி என் வீட்டை முடிக்க இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுத்தால்தான் உண்டு. அந்தப் புண்ணியவான் யாரோ, அவரும் இவருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

தெரியாத ஆள் கதையும் என்னிடம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யத்தில் என் தங்கை வீட்டு ஓடு மொத்தமும் பறந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், முன்னே பின்னே பார்த்ததில்லை, கூரை ஷீட்டையும் ஆணியையும் கடையில் நீங்களே வாங்கிப் போடுங்கள், எனக்குத் தினக்கூலி போதும் என்று சொல்லி நாலு நாளில் வேய்ந்து கொடுத்துவிட்டுப் போனார். அட்வான்ஸ் என்ற பேச்சே இல்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை என்று தங்கை இன்றைக்கும் வருத்தப்படுகிறாள்.

நாச்சியார்கோவிலில் மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு சொன்னோம். அங்கேயும் அட்வான்ஸ்தான். ஆனால் உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, கிலோ என்ன விலை, எந்தத் தேதி என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பணத்தைத் தொட்டார்கள். பித்தளை வாங்கக் காசு வேண்டும், நியாயம். விளக்கு சொன்ன தேதிக்கு வந்தது, நம் கண் முன்னால் நிறுத்துக் காட்டினார்கள். ஒரு சீட்டுதான், வேறு மந்திரம் கிடையாது.

அட்வான்ஸ் கொடுத்தவன் ஆளையே கட்டிப்போட்ட ஜில்லா இது. அப்படிக் கிடந்த பண்ணையாட்களுக்காக 1952லேயே தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது, கொத்தடிமை முறையை ஒழிக்க 1976ல் தனிச் சட்டம் வந்தது. அந்தக் கொடுமையோடு என் மொட்டை மாடியை ஒப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அட்வான்ஸ் கொடுத்தவளே கட்டுண்டு கிடக்கிறேனே என்று ராத்திரி தார்ப்பாய் படபடக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏமாந்தால் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார் கட்டுரையாளர். 2019ஆம் வருஷச் சட்டத்தில் அதற்கு ஆணையம் என்று பெயர் மாறிவிட்டது, 2020 ஜூலையில் அமலுக்கும் வந்துவிட்டது, உங்கள் பக்கத்துக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், 1915 என்ற எண்ணுக்கு போன் போடலாம், இதையெல்லாம் எழுதியிருந்தால் நாலு பேருக்கு உபயோகம். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடமும் இருந்திருக்கும். எனக்கு இன்னும் எட்டு ஒன்பது மாசம் பாக்கி இருக்கிறது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? மச்சான் பெயருக்குப் போன 25,000, அதில் எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ஸ்டேஷனில் கேட்டதற்கு "சிவில் மேட்டரும்மா, பேசித் தீர்த்துக்குங்க" என்றார்கள். கேஸ் போடலாம் என்று வீட்டில் வாயைத் திறந்தால், அவர் அம்மா பிள்ளையார் கோவிலில் என் பக்கத்தில்தான் விளக்குப் போடுகிறார், அவர் பெண் என் நாத்தனாரிடம் டியூஷன் படிக்கிறது. பென்ஷன் வாங்குகிற உனக்கு 85,000 பெரிசா என்று ஊர் என்னைத்தான் கேட்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாக்கடை விஷயமாக உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாதியை வெட்டி, ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தீர்கள். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் தெருவில் யாரோ தன்னைப் பற்றி எழுதிவிட்டதாக ஒரு மாசம் முறைத்துக்கொண்டு திரிந்தார். அதற்கு நீங்கள் திருத்தம் போடவில்லை. போகட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி ரசீது போடுங்கள். வாங்குபவர் பெயர், விலாசம், என்ன வேலை, எத்தனை சதுர அடி, எந்தச் சாமான் யார் பொறுப்பு, தொடங்கும் தேதி, தொடங்காவிட்டால் பணம் திரும்பும் தேதி, ஸ்டாம்ப் ஒட்ட ஒரு கட்டம், அதன் மேல் கையெழுத்து. கத்தரித்து எடுக்கிற மாதிரி சுற்றிலும் புள்ளிக் கோடு போடுங்கள். பேப்பரிலேயே வந்திருக்கிறது தம்பி, எல்லாரும் இதில்தான் எழுதுகிறார்களாம் என்று நீட்டிவிடலாம், நாமாகக் கேட்டது போல் இருக்காது, யார் முகமும் வாடாது.

என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து போட வேண்டாம். கடைத்தெரு டீக்கடையில் உங்கள் பேப்பரைத்தான் அவர் படிக்கிறார். பெயர் இல்லாத கடிதத்தைப் போடமாட்டீர்கள் என்றால் இதைக் குப்பையில் போட்டுவிட்டு ரசீதை மட்டுமாவது போடுங்கள், ஐப்பசி பிறப்பதற்குள்.

இப்படிக்கு,
தெரிந்த ஆளிடம் கொடுத்த ஒருத்தி