கறிவேப்பிலையைக் கண்ணால் மட்டும் வாங்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மணமுள்ள செடிகளில் உள்ள சத்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துளசி, ஓமவல்லி, எலுமிச்சைப்புல் என்று விரிவாகவே எழுதியிருந்தார்கள். கறிவேப்பிலைக்கு மட்டும் இரண்டே வரி. காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்தப் பயிர்தான். செங்காம்பு ரகத்தை வருஷக்கணக்காக வளர்த்துவரும் விவசாயி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சத்து இருப்பது உண்மை. 100 கிராம் பச்சை இலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். அதற்காகப் பாலை நிறுத்திவிட வேண்டாம். ஒரு வேளைக்கு யாரும் 100 கிராம் இலை தின்பதில்லை, இலையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அந்தக் கால்சியம் முழுதும் உடம்பில் சேரவும் விடாது. உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டீனும் தாராளமாக உண்டு. அது கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும் என்பதால், எண்ணெயில் தாளிக்கும் நம் பழக்கம் சரியானதே. ஆனால் அரிசிம்பருப்பு சாதத்தில் தாளித்த இலையைத் தட்டோரம் ஒதுக்கினால் என்ன பிரயோஜனம்? துவையலாகவோ, நிழலில் உலர்த்திப் பொடியாகவோ உள்ளே போக வேண்டும். மஹானிம்பின், கிரினிம்பின் போன்ற கார்பசோல் வேதிப்பொருள்களும் இதில் உண்டு. அவை இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா என்ற ஆய்வுகள் பெரும்பாலும் சோதனைக்குழாயிலும் எலிகளிலும் நடந்தவை. அதை வைத்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை யாரும் நம்ப வேண்டாம்.

இந்தச் சத்தெல்லாம் எந்த நிலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதுதான் என் கவலை. மண்டியில் கட்டைப் பிரித்ததும் வியாபாரி முதலில் இலையைத் திருப்பி நடுநரம்பைப் பார்ப்பார். செதில் பூச்சி வெள்ளையாக ஒட்டியிருந்தால் விலை இறங்கும். நாலு இலையில் புள்ளி இருந்தால் இன்னும் இறங்கும். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து விலை சொன்ன வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. யூரியாவைப் போட்டுத் தள்ளிய தழை பளபளவென்று இருக்கும், மணம் கம்மியாக இருக்கும். காசு என்னவோ அதற்குத்தான்.

அப்புறம் விவசாயி என்ன செய்வான்? மருந்து அடிக்கிறான். மாமரத்தில் இலைக்கு அடித்தாலும் நாம் சாப்பிடுவது பழத்தை. இங்கே மருந்து விழுகிற இலையே சாப்பாட்டுக்குப் போகிறது. கடையில் பருத்திக்கும் தக்காளிக்கும் வைத்திருக்கும் மருந்தையே எடுத்துக் கொடுப்பார்கள். அடித்து எத்தனை நாள் கழித்துக் கறிவேப்பிலையை அறுக்கலாம் என்று டப்பாவில் தேடினால் கிடைக்காது. விலை ஏறிய வாரத்தில் பொறுத்திருக்கவும் யாருக்கும் மனசு வராது. வீட்டில் மஞ்சள் தண்ணீரில் அலசினால் மேலே இருப்பது கொஞ்சம் போகலாம்; ஊடுருவிப் பாயும் மருந்து இலைக்குள்ளேயே நிற்கும். 2015-இல் கேரளத்தில் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் நஞ்சு என்று பெரிய பேச்சு எழுந்தது. இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லையிலேயே கூடுதல் சோதனை வைத்தது. அவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் சாப்பிடும் இலையை யார் சோதிக்கிறார்கள்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைப் பூச்சி தென்பட்ட உடனேயே அடித்தால் சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பெருமளவு மட்டுப்படுத்தலாம். அறுப்பு முடிந்ததும் நோய் கண்ட குச்சிகளை வெட்டி அப்புறப்படுத்தினால் புள்ளி குறையும். ஆனால் இலை கொஞ்சம் புள்ளியோடுதான் வரும், கூலியும் கூடும். அதைத் தாங்கும் விலை கிடைத்தால் எங்கள் பக்கம் பலரும் மாறத் தயாராகவே இருக்கிறார்கள்.

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் உழவர் சந்தை இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் மூலம் தோட்டங்களில் மாதிரி எடுத்து எஞ்சிய நஞ்சைப் பரிசோதிக்க வேண்டும். தனித்தனியாகச் செலவு செய்ய ஒரு ஏக்கர்காரனால் முடியாது; அந்தக் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். தேறிய தழைக்கு உழவர் சந்தையில் தனி இடமும், பரிசோதனைத் தேதியோடு ஒரு அட்டையும் போதும். கறிவேப்பிலைக்கு எந்த மருந்தை அடிக்கலாம், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பட்டியலை ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒட்ட வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் இரண்டு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, புள்ளி இருந்தாலும் மணமுள்ள கட்டை எடுங்கள். நீங்கள் கேட்டால் வியாபாரி எங்களிடம் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு கறிவேப்பிலை விவசாயி,
காரமடை வட்டாரம், கோவை மாவட்டம்.